ஒரு பிரதியும் மிஞ்சாத கொள்ளைக்காரி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டது இது: "அவுஸ்திரேலியாவில் 1911ஆம் ஆண்டு 'த லேடி அவுட்லோ' என்று ஒரு ஊமைப்படம் வந்ததாக வாசித்தேன். ஒரு பெண்தான் கொள்ளைக்காரியாம். அந்தப் படத்தை எங்கே பார்க்கலாம்? பார்க்க முடியாதென்றால், பார்க்காத படத்தைப் பற்றி ஒப்படை எழுதலாமா? எங்கட பக்கத்தில் இப்படி ஏதும் இருந்ததா?"

முதற் கேள்விக்குப் பதில் சின்னது. எங்கேயும் பார்க்க முடியாது. அந்தப் படத்தின் ஒரு அடி பிலிம்கூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. யூடியூப்பில் அந்தப் பெயரில் ஏதாவது கண்ணில் பட்டால் அது வேறு படம்.

எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். படத்தைப் பார்த்தவன் மாதிரி எழுதக்கூடாது, அவ்வளவுதான்.

படத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். இயக்கியவர் அல்பிரட் ரோல்ஃப். எடுத்தது சிட்னியில் இயங்கிய அவுஸ்திரேலியன் போட்டோ-பிளே கம்பனி. கதை நடப்பது வான் டீமன்ஸ் லாந்து என்று அன்று சொல்லப்பட்ட தஸ்மேனியாவில், பிரித்தானியா தன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்தில். அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட காதலனின் பின்னால் வந்த ஓர் ஆங்கிலப் பெண், கடைசியில் தானே சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறாள். ரோல்ஃப் மேடை நாடகக்காரர். மாமனார் அல்பிரட் டாம்பியர் அங்கே பெயர்பெற்ற நாடகக் கம்பனி முதலாளி, மனைவி லிலி டாம்பியர் நடிகை. மாமனாரின் மேடையில் கொள்ளைக்காரன் வேடம் கட்டியவர்தான் பிறகு கமெராவுக்கு முன்னும் அதே வேடத்தில் நின்றார். அந்த 1911ஆம் ஆண்டில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட படங்களை அவர் இயக்கினார். எல்லாம் போய்விட்டன. பிறகு 1915இல் எடுத்த யுத்தப் படங்களின் சில பகுதிகள்தான் அவருடைய கணக்கில் மிச்சம்.

ஒரே ஆண்டில் அவ்வளவு படம் எப்படி என்று யோசிப்பீர்கள். இன்றைய நீளத்தில் நினைக்கக்கூடாது. 35 மில்லிமீற்றர் பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகம், அதாவது 16 தனிப்படம். ஊமைப்பட நாளில் விநாடிக்கு ஏறக்குறைய 16 சட்டகம் ஓட்டினார்கள். ஆகவே ஓர் அடி பிலிம் ஒரு விநாடி என்று பிடித்துக்கொள்ளலாம். ஆயிரம் அடி றீல் ஒன்று ஓடி முடிய 16, 17 நிமிடம். பழைய விளம்பரத்தில் "மூவாயிரம் அடி" என்று கண்டால் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல் என்று உடனே சொல்லிவிடலாம். ஒப்படையில் இந்தக் கணக்கை ஒரு வரி போடுங்கள், பயன்படும். ஆனால் கைப்பிடியைச் சுற்றி ஓட்டிய காலம் அது. ஓட்டுகிறவனின் கையைப் பொறுத்து நேரம் கூடும், குறையும்.

அங்கே கொள்ளைக்காரப் படம் என்பது தனி ஒரு வகை. ஒளித்துத் திரிந்து வழிப்பறி செய்தவர்களை அவர்கள் புஷ்ரேஞ்சர் என்பார்கள். அதன் தாய்ப்படம் 1906இல் வந்த 'த ஸ்டோரி ஒஃப் த கெலி காங்', நெட் கெலி என்ற புஷ்ரேஞ்சரையும் அவன் கூட்டத்தையும் பற்றியது. நாலாயிரம் அடி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல். உலகத்தின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள், யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் 2007இல் சேர்த்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட படத்திலேயே இன்று மிஞ்சியிருப்பது சுமார் 17 நிமிடம். அதிலும் பெரும்பங்கு இங்கிலாந்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து கிடைத்தது.

இந்தப் படங்கள் பொலிசுக்கு உறுத்தின. கெலி படத்தை 1907இலேயே பெனல்லா, வங்கரட்டா ஆகிய ஊர்களில் போடக்கூடாது என்று விக்டோரியா அரசு தடுத்தது. கெலியின் ஆட்கள் உலாவிய பகுதி அது, ஆதரவாளர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். பிறகு தென் அவுஸ்திரேலியா 1911இலும், விக்டோரியாவும் நியூ சவுத் வேல்ஸும் 1912இலும் கொள்ளைக்காரப் படங்களையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்தன. பொலிஸ்காரனை முட்டாளாகவும் கள்ளனை வீரனாகவும் காட்டினால் இளந்தாரிகள் கெட்டுப்போவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1923இல் கெலியைப் பற்றி வந்த இன்னொரு படத்துக்கும் சிட்னியில் இதே கதிதான்.

பல பேர் எழுதும்போது இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். "தடை போட்டார்கள், படம் அழிந்தது" என்று ஒரு கோட்டைக் கீறிவிடுவார்கள். அப்படியென்றால் தடை எதுவும் இல்லாத காதல் படங்களும் குதிரைப் பந்தயப் படங்களும் ஏன் அழிந்தன? அமெரிக்காவில் 10,919 ஊமைப்படங்களை எடுத்து ஆராய்ந்து 2013இல் காங்கிரஸ் நூலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளிவந்த வடிவிலேயே முழுமையாக மிஞ்சியவை நூற்றுக்கு 14தான். ஹொலிவூட்டின் நிலையே அது. தடையால் நடந்தது இன்னொன்று: போட முடியாத படத்தால் காசு வராது, காசு வராத பெட்டிக்கு யாரும் வாடகை கட்டி வைத்திருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, இந்தச் சின்னக் கம்பனிகள் ஒரு படத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளைத்தான் எடுத்தன. அவை ஊர் ஊராகப் போய், தகரக் கொட்டகைகளில் ஓடி, கீறி, அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்து தேய்ந்தன. 1913க்குள் விநியோகம் முழுக்க ஒரு பெரிய கூட்டுக் கம்பனியின் கைக்குப் போனது. அவர்களுக்கு உள்ளூரில் படம் எடுப்பதைவிட வெளிநாட்டுப் படத்தை இறக்குவது மலிவு. பழைய உள்ளூர்ப் படத்தை ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

பிலிமின் குணமும் ஒரு காரணம். அன்றைய பிலிம் நைத்திரேற்று. பற்றினால் எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அதற்குள்ளேயே இருக்கிறது, தண்ணீருக்குள் அமுக்கினாலும் அணையாது. எரியாவிட்டாலும் சூட்டிலும் ஈரத்திலும் தானாகவே சிதையும். முதலில் படம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், சுருள் முழுவதும் ஒட்டிக் கட்டியாகும், கடைசியில் மண்ணிறத் தூள். நல்ல நிலையில் இருந்த பழைய பிலிமையும் அதிலுள்ள வெள்ளிக்காகக் கரைத்து விற்றார்கள். அந்த நாளில் ஓடி முடிந்த படத்துக்கு அதுதான் நியாயமான கடைசி வருமானம். இன்று நாங்கள் பல்லைக் கடித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

சரி, கொள்ளைக்காரியிடம் வருவோம். அந்தப் படத்தில் என்னை இழுத்தது அது எங்கே தொலைந்தது என்பதைவிட, யாரைக் காட்டியது என்பதுதான். வான் டீமன்ஸ் லாந்தில் உண்மையாகவே கொள்ளைக்கூட்டத்தோடு காட்டில் திரிந்த பெண் ஒருத்தி இருந்தாள். மேரி கொக்கரில். அந்தத் தீவின் ஆதிக்குடிப் பெண். "மலைகளின் ஆளுநர்" என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு அரசாங்கத்துக்குக் கடிதம் போட்ட மைக்கல் ஹோவ் என்ற கொள்ளைத் தலைவனின் துணைவி. 1817இல் சிப்பாய்கள் துரத்தியபோது அவளால் கூட ஓட முடியவில்லை. அப்போது அவள் கர்ப்பிணி என்று எழுதியிருக்கிறார்கள். ஹோவ் திரும்பிப் பார்த்தான், அவளையே நோக்கிச் சுட்டுவிட்டு ஓடிவிட்டான். அவள் பிழைத்தாள். பிறகு அதே சிப்பாய்களுக்கு வழிகாட்டி, அவனுடைய ஒளிப்பிடங்களைத் தேட உதவினாள். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் ஹோவை அடித்துக் கொன்று, தலையை வெட்டி ஹோபார்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு மேரியும் செத்துப்போனாள்.

இந்தக் கதையைவிடவா ஒரு படத்துக்குக் கதை வேண்டும்? ஆனால் 1911இன் சினிமாக்காரர்கள் எடுத்தது இங்கிலாந்திலிருந்து காதலுக்காக வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கதையை. மேரி ஆன் பக் என்பவரின் வாழ்க்கையும் கையருகே கிடந்தது. தாய் ஆதிக்குடி, தகப்பன் ஆங்கிலக் கைதி. கப்டன் தண்டர்போல்ட் என்ற பிரெடரிக் வார்டின் துணைவி. 1863இல் வார்ட் சிட்னியின் கொக்கட்டூத் தீவுச் சிறையிலிருந்து தப்பியபோது, மேரி ஆன் பல்லில் அரத்தைக் கடித்தபடி நீந்திப் போய் விலங்கை அறுத்தாள் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, ஆனால் அந்த நேரம் அவர் தூரத்தில் டங்கொக் பக்கம் இருந்தார் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் அவர் செய்தது அதைவிடக் கடினமான வேலை. பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு காட்டில் குடும்பம் நடத்தினார், பொலிசின் நடமாட்டம் அறிந்து சொன்னார், மாட்டை வெட்டிச் சோறு போட்டார், பிடிபட்டுச் சிறையும் போனார். வார்டை 1870இல் சுட்டுக் கொன்றார்கள். மேரி ஆன் 1905 வரை இருந்தார். ரோல்ஃப் கமெராவுக்கு முன் வருவதற்கு ஆறு வருடம் முன்பு வரை உயிரோடு இருந்த பெண்! உங்கள் ஒப்படைக்கு ஒரு கேள்வி வேண்டுமென்றால் இதை எடுங்கள். அந்தத் திரையில் கொள்ளைக்காரியாக வர எந்தப் பெண்ணுக்கு இடம் இருந்தது, எவருக்கு இருக்கவில்லை?

அதே 1911இல் வந்த இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேமண்ட் லோங்ஃபோர்ட் இயக்கி லொட்டி லைல் நடித்த மார்கரெட் கட்ச்போல் படம். மார்கரெட் உண்மையான ஆள். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து வேலைக்காரப் பெண். 1797இல் தன் பழைய முதலாளியின் குதிரையைத் திருடி, லண்டன் வரை ஒரே ஓட்டமாக ஓட்டிப் போனவள். மரண தண்டனை தீர்த்துக் குறைத்தார்கள். 1800இல் இப்ஸ்விச் சிறையின் 22 அடி மதிலேறிக் குதித்தாள். மறுபடி பிடித்து, 1801இல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே மருத்துவிச்சியாக ஊருக்கு உதவி, ஊர் நடப்பை எல்லாம் கடிதமாக எழுதி, 1819இல் இறந்தாள். அந்தப் படத்தில் ஒரு பகுதி தப்பியிருக்கிறது. லொட்டி லைல் உண்மையாகவே குதிரையோடக்கூடியவர். ரோல்ஃபின் படம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டுமானால் நான் அந்தத் துண்டிலிருந்துதான் தொடங்குவேன். காலம் ஒன்று, ஊர் ஒன்று, மேடைப் பழக்கமும் ஒன்று.

இனி ஒருநாள் 'த லேடி அவுட்லோ' அகப்படுமா? சொல்ல முடியாது. லோங்ஃபோர்டும் லைலும் 1919இல் செய்த 'த சென்டிமென்டல் ப்ளோக்' படத்தின் நல்ல பிரதி ஒன்று 1973இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் காப்பகத்தில் இருந்து வந்தது. பெட்டியில் "த சென்டிமென்டல் ப்ளொண்ட்" என்று பெயர் எழுதியிருந்ததாம்! கனடாவின் டோசன் சிற்றியில் 1978இல் நிலம் தோண்டியபோது, மூடப்பட்ட ஒரு நீச்சல் தடாகத்துக்குள்ளிருந்து 533 றீல் வந்தன. உறைந்த மண் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. எங்கள் ஊர் வெக்கைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

கடைசிக் கேள்வி, எங்கட பக்கம். ஊமைப்படக் காலத்தில் தமிழில் இப்படி ஒரு கொள்ளைக்காரி எனக்குத் தெரிந்து இல்லை. பேசும்படம் வந்த பிறகு உண்டு. 1937இல் கே. அமர்நாத் இயக்கிய 'மின்னல் கொடி'. அதில் கே. டி. ருக்மணி கொள்ளைக்காரரின் வேடம் பூண்டு வருவார். அதற்கு வழி திறந்தது 1935இன் ஹிந்திப் படம் 'ஹண்டர்வாலி'. முகமூடியும் சவுக்குமாக அதில் வந்த நாடியாவின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். பிறந்தது எங்கே தெரியுமா? அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில். குதிரையேறிச் சண்டை போடும் பெண்ணைப் பம்பாய் சினிமாவுக்குக் கொடுத்ததும் அந்த நாடுதான்.

தொலைத்த கணக்கில் நாங்களும் குறைந்தவர்கள் அல்ல. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதற் கதைப்படம், இல்லை. இலங்கையில் 1925இல் எடுத்த 'ராஜகீய விக்கிரமய', பின்னாளில் அரசியல்வாதியான என். எம். பெரேரா கதாநாயகனாக நடித்தது, பம்பாயிலும் சிங்கப்பூரிலும் ஓடிவிட்டு, இங்கே திரையேறும் முன்பே எரிந்துபோனது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவுக்கு வைத்த நெருப்பில் உள்ளே இருந்த சுருள்களும் போயின. எங்கட பொது நூலகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பழைய பத்திரிகைக் கட்டுகளும் அதோடுதான் போயின.

தப்பிய ஒன்றையும் சொல்லவேண்டும். நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா', 1933. படத்துக்கு மூலமான நாவலின் உரிமையை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தகக் கடை வழக்குப் போட்டதால் படம் ஓடாமல் முடங்கியது. பிரதி புத்தகக் கடையின் கையில் போய்க் கிடந்தது. 1974இல் பூனா திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. நன்றாக ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும். தயாரிப்பாளரைக் கடன்காரனாக்கிய வழக்குத்தான் படத்தைக் காப்பாற்றியது.

இப்போது எழுதுகிற விஷயம். படம் இல்லாதபோது கையில் இருப்பது கடதாசி. விளம்பரம், நோட்டீஸ், விமர்சனம், பொலிஸ் கடிதம். கெலி படத்தின் கதை இன்று முழுதாகத் தெரிவதற்குக் காரணம், படம் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்த சின்னக் கதைப் புத்தகம் ஒன்று தப்பியது. எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு, பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு வாங்கி, பாட்டைப் பாடமாக்கிவிட்டு அடுப்படியில் போட்ட அதே புத்தகம். உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். ஆனால் கதைச் சுருக்கத்தைக் கவனியுங்கள். கதாநாயகி சிறைப்பட்டாள், கதாநாயகன் மலையுச்சியில் நிற்கிறான், அதோடு "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க." வெள்ளித்திரைப் பிரதியே இல்லாமற்போன படங்களுக்கு அந்த மிகுதி நிரந்தரமாகப் போய்விட்டது. அந்த நாளில் யாரோ ஒரு விளம்பர மனேஜர் கெட்டித்தனமாகச் செய்த வேலை, இப்போது ஆய்வாளனின் தலையில் விடிகிறது. பத்திரிகை விமர்சனம் எழுதியவர்கள் பெரும்பாலும் முடிவையும் போட்டு உடைத்துவிடுவார்கள். அந்த வகையில் அவர்கள் புண்ணியவான்கள்.

அவுஸ்திரேலியப் பக்கம் தேட நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நகரத் தேவையில்லை. அவர்களுடைய தேசிய நூலகம் நடத்தும் 'ட்ரோவ்' தளத்தில் பழைய பத்திரிகைகள் இலவசம். படத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆண்டை 1911, 1912 என்று சுருக்குங்கள். முதலில் செய்திப் பகுதியைப் பார்க்காமல் விளம்பரப் பகுதியைப் பாருங்கள். சிட்னிப் பெரிய பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம் இருக்கும் இடத்தில், ஒரு நாட்டுப்புறப் பத்திரிகை கதையையே அரைப் பத்திக்குப் போட்டிருக்கும். எந்தத் திகதியில் எந்த ஊரில் ஓடியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், அந்தப் பிரதி பயணம் போன பாதை தெரியும். கடைசியாக ஓடிய ஊர் எது என்பதும் தெரியும். விளம்பரத்தின் புகழ்ச்சியை மட்டும் நம்பிவிடாதீர்கள். "உலகமே வியக்கும்" என்று எல்லாப் படத்துக்கும்தான் போட்டார்கள்.

இங்கே என்றால் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழகேசரி இதழ்களில் தொடங்குங்கள், 1930களின் தியேட்டர் விளம்பரம் பார்க்கலாம். அப்புறம் ஊரில் கேளுங்கள். வின்சர், றீகல், றாணி தியேட்டர்களில் படம் பார்த்தவர்களின் வீடுகளில், இடப்பெயர்வுகளுக்கும் தப்பி ஒன்றிரண்டு பாட்டுப் புத்தகம் இன்னும் பெட்டியில் கிடக்கிறது. என்னிடமும் கொஞ்சம் உண்டு. வந்து பார்க்கலாம். கரை எல்லாம் நொறுங்குகிறது, ஆகவே விரித்து அமுக்கி ஸ்கான் பண்ண விடமாட்டேன். ஜன்னலோரம் மேசையில் வைத்து, பிளாஷ் போடாமல் மேலிருந்து போனிலேயே படம் எடுங்கள். அட்டையோடு நிறுத்தாமல் பின் அட்டையையும் எடுங்கள், அச்சகத்தின் பெயரும் விலையும் அங்கேதான் இருக்கும்.